தீவின் மின்சாரத்தை அரிக்கும் உப்புக்காற்று: அந்தமான் மின்நிலையங்கள் எதிர்கொள்ளும் உலோக அரிமானம்

ஸ்ரீ விஜயபுரம்: வங்கக் கடலின் நடுவே அமைந்துள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் பிரதான நிலப்பரப்பிலிருந்து மின்சாரம் வருவதில்லை. நாட்டின் தேசிய மின்தொகுப்புடன் இத்தீவுகள் இணைக்கப்படவில்லை. தேவையான மின்சாரம் அனைத்தும் அங்கேயே உற்பத்தி செய்யப்பட்டு அங்கேயே நுகரப்படுகிறது. அந்த உற்பத்திக்குப் பயன்படும் இயந்திரங்கள், எண்ணெய்த் தொட்டிகள், மின்கம்பிகள், சூரிய மின்தகடுகளைத் தாங்கும் சட்டங்கள் ஆகிய அனைத்தையும் ஆண்டு முழுவதும் தாக்கிக்கொண்டிருக்கும் எதிரி, கடற்காற்றில் கலந்துள்ள உப்பு.

உலோகம் தன்னைச் சூழ்ந்துள்ள காற்று, நீர், வேதிப்பொருள்கள் ஆகியவற்றுடன் வினைபுரிந்து சிதைவதை அரிமானம் என்பர். இரும்பில் தோன்றும் துரு இதன் மிகப் பரவலான வடிவம். எல்லா ஊர்களிலும் நிகழும் இச்சிதைவு, உதவிக்கு அண்டை மின்தொகுப்பு எதுவும் இல்லாத தீவுகளில் மின்வழங்கலையே நிறுத்தக்கூடிய சிக்கலாக மாறுகிறது.

தனித்தனித் தீவு, தனித்தனி மின்நிலையம்

அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பிரதேசத்தில் 800க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் உள்ளன. அவற்றுள் மக்கள் நிலையாக வாழ்பவை சில பத்துத் தீவுகள் மட்டுமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 3,80,581 பேர். தீவுகளுக்கிடையே கடலும், தெற்கு அந்தமானுக்கு வடக்கே அடர்ந்த காடும் குறுக்கிடுவதால் அனைத்தையும் ஒரே மின்தொகுப்பாக இணைக்க இயலவில்லை. ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவு, நீல் எனப்பட்ட ஷகீத் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றில் தனித்தனி மின்நிலையங்கள் இயங்கி வந்துள்ளன.

உற்பத்தியில் பெரும்பங்கு டீசல் மின்னாக்கிகளுடையது. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் சாத்தம், பீனிக்ஸ் பே பகுதிகளிலும், விரிகுடாவுக்கு அப்பால் உள்ள பாம்பூஃபிளாட்டிலும் டீசல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. இவை மூன்றும் கடலை ஒட்டியவை. எரிபொருளும் இயந்திரப் பாகங்களும் கப்பலில் வரவேண்டியிருந்ததால் மின்நிலையங்கள் கரையருகே அமைவது இயல்பே. ஆனால் அதே காரணத்தால் அவை உப்புக்காற்றின் முதல் இலக்காகவும் ஆயின.

பெருநிலப்பரப்பில் ஒரு மின்நிலையம் பழுதடைந்தால் வேறொரு மாநிலத்திலிருந்து மின்சாரத்தைப் பெற முடியும். தீவில் அவ்வாறு இயலாது. ஒரு குளிர்விப்பான் குழாய் ஓட்டையானால், மாற்றுப் பாகம் சென்னை, விசாகப்பட்டினம் அல்லது கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரவேண்டும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பு கப்பலைத் தாமதப்படுத்தும். அதுவரை மருத்துவமனையும், குடிநீர் இறைக்கும் நிலையமும், மீனவர்களுக்கான பனிக்கட்டி ஆலையும் எஞ்சியுள்ள இயந்திரங்களையே நம்பியிருக்க வேண்டும்.

அரிமானம் எவ்வாறு நிகழ்கிறது?

அரிமானம் ஒரு மின்வேதியியல் வினை. ஈரம் படிந்த இரும்புப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு மின்கலங்கள் உருவாகின்றன. பரப்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. இவ்விடம் நேர்மின்முனை எனப்படும். அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோரிடத்துக்குச் சென்று, அங்குள்ள ஆக்சிஜனுடனும் நீருடனும் வினைபுரிகின்றன. இது எதிர்மின்முனை. கரைந்த இரும்பு பின்னர் ஆக்சிஜனுடன் சேர்ந்து செம்பழுப்பு நிறத் துருவாகப் படிகிறது.

இவ்வினைக்கு உலோகம், ஆக்சிஜன், நீர் ஆகிய மூன்றும் வேண்டும். உப்பு இதில் இருவகையில் கேடு செய்கிறது. முதலாவதாக, உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் வினை விரைவடைகிறது. இரண்டாவதாக, உப்பிலுள்ள குளோரைடு அயனிகள், துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் போன்ற உலோகங்களின் மேல் இயற்கையாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடுகின்றன. அத்துளை வழியே அரிமானம் உள்நோக்கி ஆழமாகச் செல்கிறது. வெளியே ஊசிமுனை அளவே தெரியும் குழி, உள்ளே உலோகத்தின் தடிமன் முழுவதையும் ஊடுருவியிருக்கலாம்.

மழை இல்லாத நாள்களிலும் இது நிற்பதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாக மாறிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும். எனவே உப்பு படிந்த உலோகப் பரப்பு, பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் பெரும்பாலான நேரம் ஈரமாகவே உள்ளது.

அந்தமானில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பொழிகிறது. ஆண்டு மழையளவு சுமார் 3,000 மில்லிமீட்டர். ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. வெப்பநிலை பெரும்பாலும் 23 முதல் 31 டிகிரி செல்சியசுக்குள் இருப்பதால் குளிர்காலம் என்ற இடைவேளையும் அரிமானத்துக்குக் கிடைப்பதில்லை.

எண்கள் காட்டும் வேகம்

வளிமண்டல அரிமானத்தை அளவிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் பன்னாட்டுத் தரநிலை, சுற்றுச்சூழலைச் சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலான சி.எக்ஸ். என்னும் உச்ச வகையாகவும் பிரிக்கிறது. சி3 வகைச் சூழலில் பூச்சற்ற சாதாரண எஃகு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிமனை இழக்கும். சி5 வகையில் இந்த இழப்பு 80 முதல் 200 மைக்ரோமீட்டர். சி.எக்ஸ். வகையில் 200 முதல் 700 மைக்ரோமீட்டர். ஆயிரம் மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டர் ஆகும். வெப்பமண்டலக் கரையோரமும், உப்புத் துளிகள் நேரடியாகப் படும் இடங்களும் இத்தரநிலை விவரிக்கும் மேல்வகைகளுக்குள் அடங்குகின்றன.

இரும்பைக் காக்க அதன்மேல் பூசப்படும் துத்தநாகமும் இதற்கு விலக்கன்று. தடிமனான எஃகுச் சட்டங்களின்மேல் உருகிய துத்தநாகத்தில் தோய்த்து ஏற்றப்படும் பூச்சு சராசரியாக 85 மைக்ரோமீட்டர் இருக்கும். சி5 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோமீட்டர் வரை கரையும். அக்கணக்கில் பூச்சின் ஆயுள் 10 முதல் 20 ஆண்டுகள். சி.எக்ஸ். சூழலில் அது 10 ஆண்டுகளுக்கும் குறைவு. 25 ஆண்டுகள் இயங்க வேண்டுமெனத் திட்டமிடப்படும் ஒரு மின்நிலையத்துக்கு இந்தக் கணக்கு முதல் நாளிலேயே தேவைப்படுகிறது.

டீசல் நிலையங்களில் உள்ளும் புறமும்

டீசல் மின்னாக்கியை அரிமானம் பல வழிகளில் தாக்குகிறது. இயந்திரம் உள்ளிழுக்கும் காற்றுடன் உப்பும் ஈரமும் செல்கின்றன. அக்காற்றைக் குளிர்விக்கும் பகுதியில் ஈரம் நீர்த்துளியாகி, உப்புடன் சேர்ந்து மெல்லிய உலோகத் தகடுகளை அரிக்கிறது. எரிபொருளில் கந்தகம் இருந்தால் அது எரிந்து, குளிர்ந்த பரப்புகளில் கந்தக அமிலமாகப் படிகிறது. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் வாகன டீசலில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அத்தகைய டீசலைப் பயன்படுத்தும் இயந்திரங்களில் இவ்வகைத் தாக்குதல் குறையும்.

இயந்திரத்தின் உருளைச் சுவர்களைச் சுற்றியோடும் குளிர்விப்பு நீரும் கவனத்துக்குரியது. உருளை அதிரும்போது நீரில் நுண்குமிழ்கள் தோன்றி வெடிக்கின்றன. அந்த வெடிப்பு உலோகத்தின் காப்புப் படலத்தைக் கிழிக்க, அரிமானம் குழி பறிக்கிறது. அரிமானத் தடுப்பு வேதிப்பொருளை நீரில் உரிய அளவில் கலந்து வருவதே இதற்குத் தீர்வு. அளவு குறைந்தால் பயன் குறையும் என்பதுடன், சில தடுப்பான்கள் குறைந்த அளவில் குழி அரிமானத்தைத் தூண்டவும் கூடும். ஆதலால் நீரின் தன்மையைக் குறித்த கால இடைவெளியில் சோதிப்பது கட்டாயமாகிறது.

எண்ணெய்த் தொட்டிகளின் சிக்கல் அடித்தளத்தில் உள்ளது. ஈரக்காற்று தொட்டிக்குள் குளிர்ந்து நீராகி, டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிரிகள் பெருகி, அமிலத்தையும் கந்தகச் சேர்மங்களையும் உண்டாக்குகின்றன. அடித்தகட்டில் துளை விழுந்தால் இழப்பு எண்ணெயோடு நிற்காது. சிறிய தீவின் நிலத்தடி நீரும், அருகிலுள்ள பவளப்பாறைகளும் மாசடையும். அடியில் தங்கும் நீரை முறையாக வெளியேற்றுவதும், அடித்தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் அளப்பதும் செலவு குறைந்த முன்னெச்சரிக்கைகள்.

கட்டுப்பாட்டு அறையும் தப்புவதில்லை. மின்னணு அட்டைகளிலுள்ள மெல்லிய செம்புத் தடங்கள் ஈரத்தால் பச்சை பூத்து அறுபடுகின்றன. இதனால்தான் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் சிறு வெப்பமூட்டிகளை எப்போதும் இயக்கி ஈரத்தை விலக்கி வைக்கின்றனர்.

மின்கம்பியின் மறைவான நோய்

மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மேல்நிலைக் கம்பிகளில் பரவலானது, நடுவே துத்தநாகம் பூசிய எஃகு இழைகளும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் கொண்ட கம்பி. எஃகு வலிமை தருகிறது, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துகிறது. உப்புநீர் இழைகளுக்கிடையே புகுந்தால் முதலில் துத்தநாகப் பூச்சு கரைகிறது. பின்னர் எஃகும் அலுமினியமும் உப்புநீரில் நேரடியாகத் தொடுகின்றன. இரு வேறு உலோகங்கள் இவ்வாறு தொடும்போது அவற்றுள் எளிதில் வினைபுரியும் உலோகமாகிய அலுமினியம் விரைவாக அரிக்கப்படுகிறது. வெளிப்புறம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் கம்பி உள்ளே வலுவிழந்து, ஒரு புயல் நாளில் அறுந்து விழுகிறது.

இதைத் தவிர்க்க உள் இழைகளில் மசகு நிரப்பிய கம்பிகளும், எஃகு இழை இல்லாத முழு அலுமினியக் கலவைக் கம்பிகளும் கரையோரப் பகுதிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. செம்பும் அலுமினியமும் இணையும் இடங்களில் இரு உலோகங்களுக்கும் ஏற்ற சிறப்பு இணைப்பிகள் தேவை. பீங்கான் மின்காப்பான்களின்மேல் படியும் உப்புப் படலம் வேறொரு வகையில் தொல்லை தருகிறது. பனியிலோ தூறலிலோ அது நனைந்ததும் மின்சாரம் காப்பானின் பரப்பு வழியே பாய்ந்து மின்தடையை ஏற்படுத்துகிறது. பலத்த மழை உப்பைக் கழுவிவிடும். மழை ஓய்ந்த மாதங்களில் அந்த வேலையை மனிதர்தாம் செய்ய வேண்டும்.

சூரிய ஒளிக்கும் உப்பு தடை

டீசலின் மீதான சார்பைக் குறைக்கத் தீவுகளில் சூரிய மின்சக்தி விரிவுபடுத்தப்பட்டு வருகிறது. தெற்கு அந்தமானின் காராசர்மாவில் என்.டி.பி.சி. நிறுவனம் 5 மெகாவாட் நிலையத்தை அமைத்தது. நெய்வேலியை மையமாகக் கொண்ட என்.எல்.சி. இந்தியா நிறுவனம், 20 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட் மணி மின்கலச் சேமிப்புடன் தெற்கு அந்தமானில் நிறுவியது.

சூரிய மின்தகட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆயினும் அதைத் தாங்கும் எஃகுச் சட்டம், அலுமினிய விளிம்பு, இணைக்கும் திருகுகள், மின்இணைப்புப் பெட்டி, நிலத்தொடர்புக் கம்பி ஆகியவை உலோகமே. விளிம்பின் அலுமினியத்தைச் சாதாரண எஃகுத் திருகால் இறுக்கினால் இருவேறு உலோகச் சிக்கல் இங்கும் எழும். இணைப்பிகளில் ஈரம் புகுந்தால் மின்தடை உயர்ந்து சூடேறும், தீ விபத்துக்கும் அது வழிவகுக்கும். உப்பு மூடுபனியில் தகடுகளைச் சோதிப்பதற்கென ஐ.இ.சி. 61701 என்னும் தனித் தரநிலை உள்ளது. கடலோரத் திட்டங்களில் இச்சோதனையில் தேறிய தகடுகளைக் கோருவதும், திருகுகளுக்கு மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருப்பிடிக்காத எஃகைக் குறிப்பிடுவதும் வழக்கம்.

வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நன்னீர் பாயும் இந்நிலையத்தில் உப்பின் தாக்கம் குறைவு எனினும், மழைக்காட்டின் ஓயாத ஈரம் நீர்க்குழாய்களின் வெளிப்புறத்தையும் மதகுக் கதவுகளையும் விட்டுவைப்பதில்லை.

2004 விட்டுச்சென்ற தடம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளின் நிலமட்டத்தையே மாற்றின. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. தெற்கு அந்தமானும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில் கடல்நீர் நிலையாகப் புகுந்தது.

அலை வடிந்த பின்னும் அதன் விளைவு உலோகங்களில் தொடரும். கடல்நீரில் மூழ்கிய மின்பொறியை உடனே நன்னீரால் கழுவி உலர்த்தாவிடில், சுருள்களிலும் தாங்கிகளிலும் தங்கிய உப்பு தொடர்ந்து அரிக்கும். கான்கிரீட்டுக்குள் ஊடுருவும் குளோரைடு சில ஆண்டுகளுக்குப் பின் உள்ளிருக்கும் கம்பியை எட்டுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கிறது. மின்கம்பங்களுக்கும் இயந்திர அடித்தளங்களுக்கும் இது பொருந்தும்.

அளக்காத இடமே ஆபத்தான இடம்

அரிமானத்தின் பேராபத்து, அது அமைதியாக முன்னேறுவது. ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தின் 3ஆவது அலகில் 2004 ஆகஸ்ட் 9ஆம் நாள் வெந்நீர்க் குழாய் ஒன்று வெடித்து ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 10 மில்லிமீட்டர் தடிமன் கொண்டிருந்த குழாய்ச் சுவர், நீரோட்டத்தால் விரைவுபடுத்தப்பட்ட அரிமானத்தால் 1.5 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. 1976இல் அலகு இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த இடம் ஒருமுறைகூட அளக்கப்படவில்லை. ஆய்வுப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. வெளியேறிய நீராவியில் கதிரியக்கம் இல்லை. உயிர்களைப் பறித்தது வெப்பமும் அழுத்தமும், மெலிந்துபோன எஃகுமே.

தீவுகளின் டீசல் நிலையங்கள் அளவில் மிகச் சிறியவை. ஆயினும் பாடம் ஒன்றே. எந்தக் குழாய், எந்தத் தொட்டி, எந்தக் கம்பம் எப்போது அளக்கப்பட்டது என்ற பதிவேடு முழுமையாக இருக்க வேண்டும்.

காக்கும் வழிகளும் காரைக்குடியின் பங்கும்

அரிமானத்தை முற்றிலும் ஒழிக்க இயலாது. அதன் வேகத்தைக் குறைக்க முடியும். உலோகத்தைச் சூழலிலிருந்து பிரிக்கும் வண்ணப்பூச்சு முதல் வழி. பூசுவதற்கு முன் பரப்பிலுள்ள துருவையும் உப்பையும் முழுமையாக அகற்றாவிடில், விலையுயர்ந்த பூச்சும் சில மாதங்களில் கொப்பளித்து உரியும். சூழலுக்கேற்ற உலோகத்தைத் தேர்வது இரண்டாம் வழி. கடல்நீரால் குளிர்விக்கப்படும் நிலையங்களில் செம்பு-நிக்கல் கலவையும் டைட்டானியமும் இக்காரணத்தால் பயன்படுகின்றன.

மூன்றாவது வழி, எதிர்மின்முனைப் பாதுகாப்பு. காக்க வேண்டிய எஃகுடன் துத்தநாகம் அல்லது அலுமினியக் கட்டையை இணைத்தால், கட்டை தான் கரைந்து எஃகைக் காக்கும். ஆங்கிலேய அறிவியலாளர் ஹம்ப்ரி டேவி 1824ஆம் ஆண்டு போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க இம்முறையை முன்வைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்பின் நச்சால் விலகியிருந்த சிப்பிகளும் கொட்டலசுகளும் கப்பலில் ஒட்டிக்கொண்டன. கடலில் ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது பழைய சான்று. இன்று படகுத்துறைத் தூண்கள், கடலடிக் குழாய்கள், எண்ணெய்த் தொட்டிகளின் அடித்தளம் ஆகியவற்றை இம்முறை காக்கிறது.

இத்துறையில் நாட்டின் முதன்மை ஆய்வகம் தமிழ்நாட்டில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் கொண்டு உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953 ஜனவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடற்சூழலில் உலோகங்களை வைத்துச் சோதிக்கும் வசதிகளை அது ஏற்படுத்தியது. கான்கிரீட் கம்பிகளுக்கான அரிமானத் தடுப்புப் பூச்சுகளையும் உருவாக்கியது. மண்டபத்தின் உப்புக்காற்று எத்தகையது என்பதற்குப் பக்கத்திலுள்ள பாம்பன் பாலமே சான்று. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் அரிமானச் சேதத்தால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புக் காப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டன.

முன்கூட்டிய செலவு, பின்னாளைய சேமிப்பு

அரிமானத்தால் உலகுக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 2.5 இலட்சம் கோடி டாலர் என்றும், இது உலக மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 3.4 விழுக்காடு என்றும் அரிமானப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான நேஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஏற்கெனவே அறியப்பட்ட தடுப்பு முறைகளை முறையாகக் கடைப்பிடித்தாலே இந்த இழப்பில் 15 முதல் 35 விழுக்காட்டைத் தவிர்க்கலாம் என்றும் அது கூறியது.

தீவுகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. அங்கு டீசல் வழியே ஓர் அலகு மின்சாரம் உற்பத்தி செய்ய ஆகும் செலவு பிரதான நிலப்பரப்பைவிடப் பல மடங்கு. அதன் பெரும்பகுதியை அரசு மானியமாக ஏற்கிறது. ஓர் இயந்திரம் உரிய ஆயுளுக்கு முன்பே கழிக்கப்பட்டால் சுமை பொதுநிதி மீதே விழுகிறது. கிரேட் நிக்கோபாரில் திட்டமிடப்பட்டுள்ள 450 எம்.வி.ஏ. திறனுள்ள எரிவாயு, சூரிய மின்நிலையம் உள்ளிட்ட புதிய அமைப்புகளும் இதே உப்புக்காற்றில்தான் நிற்கவிருக்கின்றன. ஒப்பந்தப்புள்ளி எழுதும் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் வகை, உலோகத் தரம், பூச்சின் தடிமன், ஆய்வுக் கால இடைவெளி ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுவதே மிகச் சிக்கனமான பாதுகாப்பு.

உப்புக்காற்றைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. ஆனால் உப்பைக் கழுவும் நீர்க்குழாயும், தடிமனை அளக்கும் கருவியும், அளவைக் குறித்துவைக்கும் பதிவேடும் ஒவ்வொரு தீவின் மின்நிலையத்துக்கும் எட்டக்கூடியவையே. அடுத்த கப்பல் வரும்வரை விளக்குகள் எரிவது பெரும்பாலும் அவற்றைப் பொறுத்திருக்கிறது.